ரசீதில் பறக்க முடியாது

விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில், வெடிபொருள் உரிமப் பிரிவில், என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். பட்டாசு ஆலைக்கு உரிமம் கேட்பது, புதுப்பிப்பது, பெயர் மாற்றுவது, திரும்ப ஒப்படைப்பது என்று எந்தக் காகிதம் எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். தாலாட்டுப் பாடியதே அத்தான்தான் என்பான் என் மைத்துனன். என் மனைவியின் தம்பி அவன், எம். புதுப்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு ஆலை நடத்துகிறான். அக்காளின் கணவனைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அதற்குக் காலாவதி கிடையாது.

எங்கள் வட்டாரத் தொழிலுக்கு ஒரு விதி உண்டு. உரிமம் முடிவதற்குமுன் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும்வரை பழைய உரிமம் உயிரோடு இருப்பதாகவே கருதப்படும். விண்ணப்பித்த ரசீதைச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஆய்வுக்கு வருகிறவர் உரிமம் எங்கே என்றால் சுவரைக் காட்டுவார்கள். நியாயமான விதிதான். அரசாங்கம் தாமதிப்பதற்கு ஆலையில் வேலை செய்கிறவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? எத்தனையோ கோப்புகளில் அதை நானே எடுத்து எழுதியிருக்கிறேன். அந்த விதி ஒருநாள் என் வீட்டுக்குள் நுழைந்து, என் மனைவியை மதுரை விமான நிலையம் வரை கூட்டிக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். கனடாவில் நர்ஸ். அவள் எழுதிப்போட்டு, நாங்கள் இருவரும் அந்த நாட்டின் நிரந்தரக் குடியிருப்பாளர்கள் ஆனோம். நிரந்தரம் என்று ஒரு அரசாங்கம் சொன்னால் அடியில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தது. ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டாவது அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். கையில் கொடுக்கும் அட்டைக்கும் ஒரு முடிவு தேதி உண்டு. அட்டை இல்லாமல் எந்த விமானமும் ஏற்றாது.

நான் ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். பனி மட்டும் காரணமில்லை. அங்கே எல்லாம் விதிப்படி நடக்கிறது. விண்ணப்பம் போட்டால் பதில் வருகிறது. யாரையும் பார்க்க வேண்டியதில்லை, யாரிடமும் சொல்லி வைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாட்டில் என்னைப் போன்றவனுக்கு என்ன வேலை? இங்கே என்றால் ஓய்வு பெற்ற பிறகும் காலையில் யாராவது ஒருவர் காகிதத்தோடு வந்து நிற்பார். பட்டா, வாரிசுச் சான்று, ஓய்வூதியம். தேநீர் ஆறுவதற்குள் வழி சொல்லி அனுப்புவேன்.

என் மனைவி அங்கேயே இருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த ஊரில் விட்டாலும் நோயாளி யார் என்று முதலில் கண்டுபிடித்துவிடுவாள். மகள் வீட்டுத் தெருவில் தனியாக இருந்த கிழவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள். சபையில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ரசம் வைப்பாள். ஆங்கிலத்தை எங்கள் ஊர்த் தமிழ் மாதிரியே பேசுவாள். அவர்களுக்கும் புரிந்தது.

தம்பி மகள் கல்யாணத்துக்காகத்தான் அவள் விருதுநகர் வந்தாள். சீக்கிரம் திரும்புவதாகத் திட்டம். கல்யாண வீட்டுச் சாப்பாடு செரிப்பதற்குள் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன். தகடு வைத்தார்கள். அவள் இருந்துவிட்டாள். என்னைத் திருப்பிப் படுக்கவைத்து, நடக்கப் பழக்கி, வாக்கரிலிருந்து கைத்தடிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவளுடைய அட்டை பீரோவுக்குள்ளேயே முடிந்துபோனது. இருவருக்கும் தெரியும். பேசிக்கொள்ளவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை என்று நினைத்தோம்.

மகள் வழக்கம்போல் ஒரு காலையில் கூப்பிட்டாள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். மருமகன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். வாரக்கணக்கில் சாலையில் இருப்பார். லீவு கொஞ்சம்தான் கிடைக்கும்.

"கூட யாரு இருப்பா?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கம்மா. மாத்தி மாத்தி வாரேன்னு சொல்லியிருக்காங்க."

"மாத்தி மாத்தி வாரதுக்கு அது என்ன நைட் டூட்டியா? நான் வாரேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "டிக்கெட் எப்பப் போடுவீக?"

"டிக்கெட் கெடக்கட்டும். ஒன் அட்டை முடிஞ்சுபோச்சுல்ல."

"புதுப்பிச்சுக் குடுங்க. ஊரு பூராவுக்கும் புதுப்பிச்சுக் குடுத்தவுகதான?"

அந்த அட்டையை நாட்டுக்கு வெளியே இருந்து புதுப்பிக்க முடியாது. உள்ளே போன பிறகுதான் புதுப்பிக்கலாம். உள்ளே போக அட்டை வேண்டும். இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் நெற்றியில் அடித்துக்கொள்வார். எனக்கு என்னவோ சொந்த அலுவலகத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு பூட்டு இருந்தால் பக்கத்திலேயே ஒரு சாவி இருந்தே ஆக வேண்டும். தேடினேன், இருந்தது. வெளியே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒருமுறை உள்ளே போவதற்கென்று பயண ஆவணம் ஒன்று தருகிறார்கள். வேண்டிய காலம் அங்கே இருந்திருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். என் மனைவி இருந்திருக்கிறாள். தாராளமாகவே.

"உங்களுக்கும் சேத்துப் போடுங்க," என்றாள்.

"எனக்குக் கணக்கு வராதும்மா. நான் அங்க இருந்தது ஒரு குளிர்காலம். போட்டா, ஏன் இல்லைன்னு கேப்பான். பதில் பிடிக்கலைன்னா இருக்கிறதையும் எடுத்துருவான்."

சோபாவில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்த மைத்துனன் தலையிட்டான். "அங்கனதான் இருந்தேன்னு எழுதுங்க அத்தான். கனடாக்காரன் வந்து நம்ம தெருவுல விசாரிக்கப் போறானா?"

"பாஸ்போர்ட்ல சீல் இருக்கு மாப்ள."

"அது ஒண்ணு இருக்கோ," என்றான். வெள்ளரிக்காய்க்கு உப்பு தொட்டுக்கொண்டான்.

மனிதாபிமான காரணங்கள் என்று அங்கேயும் ஒரு பிரிவு உண்டு. முதியவர், நோயாளி, ஊரில் ஒருவரைப் பராமரிக்க வேண்டியிருந்தவர் என்று சொல்லலாம். நான் ஊர் திரும்பியபோது திடமாக இருந்தேன். யாரையும் பராமரிக்கவும் இல்லை. என்னிடம் இருந்த ஒரே காரணம், எனக்கு இங்கே பிடித்திருக்கிறது என்பது. அதற்கு எந்த நாட்டுப் படிவத்திலும் கட்டம் இல்லை. என் விண்ணப்பத்தைப் போடவில்லை. அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போடாமல் இருந்தேன். அவள் அதை விதி என்று எடுத்துக்கொள்ளவில்லை. என் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய விண்ணப்பத்தைத் தயார் செய்தேன். முதலில் போட்டோ. படத்தில் எந்தத் திருத்தமும் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. எங்கள் ஊர் ஸ்டூடியோவில் திருத்தாமல் படம் கொடுப்பது வாடிக்கையாளரை அவமதிப்பதாகும். கன்னத்தில் இருந்த மங்குத் திட்டை எடுத்து, முகத்தை வெளுப்பாக்கி, காது ஓரத்து நரையையும் கறுப்பாக்கிக் கொடுத்தார்கள். "இது எந்தங்கச்சி மாதிரில்ல இருக்கு," என்றாள், சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு. அவளுக்குத் தங்கை கிடையாது. திருப்பி அனுப்பி, உள்ளது உள்ளபடி எடுக்கச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் என்னை இரக்கமில்லாதவன் என்பதுபோல் பார்த்தார்.

எல்லாம் ஆன்லைன். அனுப்பியதும் மின்னஞ்சலில் ஒப்புகை வந்தது. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது. இரண்டே வரி. அதை மைத்துனனுக்கும் அனுப்பியிருக்க வேண்டாம். அக்காளைப் பற்றிக் கவலைப்படுகிறானே என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்தான். சிவகாசியில் அவனுக்கு லேபிள் அடித்துத் தரும் அச்சகத்தில் கொடுத்து, அந்த இரண்டு வரியைக் கெட்டியான ஆர்ட் பேப்பரில் கலரில் அடித்து, லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தான். தீபாவளி ஆர்டருக்கான பெட்டி லேபிளோடு சேர்த்து ஓட்டியிருப்பார்கள் போலிருக்கிறது, அவ்வளவு பளபளப்பு. இன்னொரு கையில் விமான டிக்கெட்.

"யக்கா, வர்ற வெள்ளிக்கிழமை. மதுரைல ஏறுற, ரெண்டு எடத்துல மாறுற, போய்ச் சேந்துருற."

"ஆவணம் இன்னும் வரல மாப்ள," என்றேன்.

"ரசீது வந்துருச்சுல்ல?"

"ரசீது வேற, ஆவணம் வேற."

"என்னத்தான் நீங்களே இப்பிடிச் சொல்றீக? எங்க கம்பெனி ஒரு சீசன் முழுசும் ரசீதுலதான ஓடுச்சு? நீங்கதான கையெழுத்துப் போட்டீக? மருந்து கலக்குற எடத்துக்கே ரசீது போதும்ங்கும்போது, ஒரு பொம்பள பிளேன்ல உக்காந்து போறதுக்குப் பத்தாதா?"

வாதத்தில் ஓட்டை இல்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே கலெக்டர் இருந்தால் அவன் சொல்வது சரி. பட்டாசு விதியில் 'கருதப்படும்' என்று ஒரு சொல் இருக்கிறது, கனடா விதியில் அது இல்லை என்று விளக்கினேன். என் மனைவி அந்தப் பளபளப்பான தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு நான் போறது பிடிக்கல," என்றாள்.

"அப்பிடி யாரு சொன்னா?"

"நீங்க வர முடியாது. அதனால நானும் போகக் கூடாது. அதான?"

அதற்கு விதி எண் ஏதும் என்னிடம் இல்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை வீட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. மிளகாய்ப் பொடியும் கருவாடும் பெட்டிக்குள் போயின. மாவடு ஜாடியை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றினாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விமான நிலையத்துக்கு நானும் போனேன். வர வேண்டாம், இடுப்பு வலிக்கும் என்றாள். கார் கதவைத் திறந்து முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி வழியே கவுண்டர் தெரியும். மைத்துனன் உள்ளே போகிற அனுமதிச் சீட்டு கேட்டு வாங்கி அக்காளோடு போனான். நான் கைத்தடியோடு வெளியே நின்றேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், எதையோ கேட்டாள். என் மனைவி கைப்பையிலிருந்து லேமினேட் செய்த தாளை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் இரு கைகளாலும் வாங்கி, படித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தலையை ஆட்டினாள். மைத்துனன் கைகளை விரித்துப் பேச ஆரம்பித்தான். சத்தம் கேட்கவில்லை. என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். சுவரில் மாட்டிய ரசீதையும், ஆய்வுக்கு வந்த அதிகாரியையும், ஓடிய சீசனையும் சொல்லியிருப்பான். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் மனைவியின் கையைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

நான் சொன்னது நடந்துவிட்டது. உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இப்படி நடந்தால் உள்ளுக்குள் ஒரு திருப்தி எழும். அன்றைக்கு அது வரவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வருவதைப் பார்க்க முடியாமல், பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தேன். எடுத்துச் செல்லக் கூடாத பொருட்கள். முதல் வரிசையிலேயே பட்டாசு படம் போட்டிருந்தது.

திரும்பி வரும்போது, திருமங்கலம் தாண்டியதும் மைத்துனன் காரை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, "நான் ஒரு கூறுகெட்டவன்க்கா," என்றான்.

"ஏலே, எந்திரி," என்றாள் அவள், பின் ஸீட்டிலிருந்து. "நீ போகணும்னுதான நெனச்ச. கூறு இருந்தவுக யாரு டிக்கெட் போட்டாக?"

அடி யாருக்கு விழுந்தது என்பதில் காரில் இருந்த மூவருக்கும் சந்தேகம் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கெட்டித் தாளை எடுத்து விசிறிக்கொண்டாள். கார் ஏசி வேலை செய்யவில்லை. நல்ல காற்று வந்திருக்க வேண்டும். எனக்கும் கொஞ்சம் வீசினாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிக்கவில்லை. நடுக்கூடத்தில் அப்படியே நிறுத்திவைத்தாள். அதைச் சுற்றித்தான் நான் கைத்தடியோடு போய்வர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அவசரப் பரிசீலனை கேட்டு எழுத உட்கார்ந்தேன். அந்த நாட்டுக்காரர்கள் அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். மருத்துவக் காரணம் இருந்தால் காட்டலாம். மகளின் ஆஸ்பத்திரியிலிருந்து தேதி குறித்த கடிதத்தை வாங்கி வைத்திருந்தேன். என் வழக்கப்படி எழுதினேன்: விண்ணப்பதாரரின் மகள் என்பவருக்கு மேற்படி தேதியில் அறுவை சிகிச்சை நடைபெறவிருப்பதால் என்று. என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். விமான நிலையத்துக்குப் பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் வாக்கியம்:

"மகள் என்பவருக்கா?"

அந்த வரியை அடித்துவிட்டேன். "என் மகளுக்கு அறுவை சிகிச்சை. நான் நர்ஸ். அவளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்," என்று அவள் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். மேற்படியும் இல்லை, பொருட்டும் இல்லை. இவ்வளவு சின்ன மனுவை என் வாழ்நாளில் அனுப்பியதில்லை. ஏதோ சட்டையில்லாமல் அலுவலகத்துக்குப் போவது போல் இருந்தது.

அதனால்தான் பலித்தது என்று சொல்லமாட்டேன். எந்த அதிகாரியும் எதனால் கையெழுத்துப் போட்டார் என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கே தெரியாது. பாஸ்போர்ட்டை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. சென்னையில் உள்ள விசா மையத்துக்குக் கூரியரில் அனுப்பினோம். கூரியர் வண்டிச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெருவில் இருந்த நாய்களைவிட என் மனைவி நன்றாகத் தெரிந்துகொண்டாள். மகளின் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் மகள், "பரவால்லம்மா, நான் சமாளிச்சுக்குவேன்" என்று சொல்லச் சொல்ல, இவள் "சரிம்மா, சரிம்மா" என்பாள். வைத்துவிட்டுப் பெட்டியின் பூட்டைச் சரிபார்ப்பாள்.

பாஸ்போர்ட் வந்தது. உள்ளே ஒரு பக்கத்தில் பயண ஆவணத்தை ஒட்டியிருந்தார்கள். திருத்தாத போட்டோ, மங்கும் நரையும் சேர்த்து. அவள் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் கேட்டாள்:

"நான் போயிட்டா உங்கள யாரு பாப்பா?"

"கைத்தடி இருக்கு."

"கைத்தடி ரசம் வைக்குமா?"

"மாப்ள வீட்ல இருந்து வரும். நீ போ. அவளுக்கு நீ வேணும். எனக்கு... எனக்குப் பக்கத்து மெஸ் இருக்கு."

என் மருந்துகளை எடுத்துக் காலைக்கு ஒரு டப்பா, ராத்திரிக்கு ஒரு டப்பா என்று பிரித்துவைத்தாள். அது அவளுடைய ஒப்புதல்.

இரண்டாவது முறையும் அதே கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கவுண்டரில் அதே பெண்ணா என்று தெரியவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், தலையசைத்தாள், பெட்டி நகர்ந்து போனது. அவ்வளவுதான். என் மனைவி திரும்பிக் கண்ணாடிப் பக்கம் பார்த்து, மாத்திரை போடுவதுபோல் வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். அருகில் நின்ற மைத்துனன் மூக்கைச் சிந்தினான்.

என் உத்தியோகக் காலத்தில், ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் உரிமத்தைத் திரும்ப ஒப்படைக்க வந்தார். வழக்கு இல்லை, விபத்து இல்லை. போதும் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான். மூலப் பிரதியை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "நாளைக்கு மனசு மாறிக் கேட்டா குடுப்பீகளா சார்?" என்றார். "புதுசா விண்ணப்பிக்கணும்," என்றேன். "அப்ப சரி," என்று சொல்லிவிட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தேநீர் சொன்னது நினைவிருக்கிறது. அவளை அனுப்பிவிட்டு வந்த அந்த வாரத்தில் அவரை அடிக்கடி நினைத்தேன்.

ஏனென்றால் எனக்கும் அதுதான் வழி. அந்த நாட்டின் நிரந்தரக் குடியிருப்பாளன் என்று நான் இருக்கும்வரை விருந்தாளியாகப் போக முடியாது. குடியிருப்பாளனாகப் போகவும் கணக்கு இடம் கொடுக்காது. உரிமையை நானே எழுதிக் கொடுத்துவிட்டு, சாதாரணப் பார்வையாளர் விசா கேட்க வேண்டும். இதை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். "அப்ப மக வீட்டுக்கு நீங்க விருந்தாளியா?" என்று கேட்டிருந்தாள். மகள் வீட்டில் அப்பன் எந்த நாட்டிலும் விருந்தாளிதான் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அறுவை சிகிச்சை அவர்களுக்குப் பகல். எனக்கு விடிந்தபோது செய்தி வரவில்லை. ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் தெருமுனையில் ஹாரன் அடித்துப் போயின. மெஸ்ஸிலிருந்து வந்த இட்லி ஆறியது. பெட்டி நின்றிருந்த இடம் காலியாக இருந்தும் பழக்கத்தில் அதைச் சுற்றியே நடந்தேன்.

போன் அடித்தது.

"கண்ணு முழிச்சிட்டா," என்றாள். குரல் நர்ஸின் குரலாக இருந்தது. பிறகு கொஞ்சம் உடைந்தது. "எல்லாம் எடுத்தாச்சு. கட்டி சாதாரணக் கட்டிதானாம். முழிச்சதும் அப்பா மாத்திர போட்டாகளான்னு கேக்குறா."

"போட்டேன்னு சொல்லு."

"போட்டீகளா?"

"இந்தா போடுறேன்."

"நெனச்சேன்." அந்தப் பக்கம் மகள் ஏதோ முனகினாள், இவள் தண்ணீர் கொடுக்கிற சத்தம் கேட்டது. "நீங்க எப்ப வாரீக?"

மேசையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. முந்தின நாள்தான் உரிமையைத் துறக்கும் படிவத்தை அனுப்பியிருந்தேன். சுயவிருப்பத்தின் பேரில்தான் செய்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை என்பதால் ஆம் என்று குறித்தேன். பக்கத்தில் தேநீர் டம்ளருக்கு அடியில் லேமினேட் செய்த அந்தத் தாள். சூடு தாங்குகிறது, கறை பிடிப்பதில்லை. அச்சகத்தின் வேலையைக் குறை சொல்ல முடியாது.

"மொத விண்ணப்பம் போட்டாச்சு," என்றேன். "அதுக்குப் பதில் வந்ததும் விசாவுக்குப் போடணும்."

"ரசீது வந்துச்சா?"

"வந்துச்சு."

"அத வச்சுக்கிட்டு எந்தம்பியோட ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிராதீக," என்றாள் என் மனைவி. பின்னால் மகள் சிரிக்க முயன்று, தையல் வலித்து, அம்மா என்றாள்.